பழைய பாய்மரப் படகின் சுக்கான்: கடலுக்குப் புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்குக் காற்றைப் பிடித்து மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து இலங்கை, மாலத்தீவுப் பக்கம் போகிறவர்கள் இப்போதே பாயையும் என்ஜினையும் கவனிக்கத் தொடங்கியிருப்பீர்கள். சுக்கானையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

1970களிலும் 80களிலும் கட்டிய, ஸ்டீயரிங் சக்கரம் வைத்த படகுகள் பலவற்றில் ஒரே அமைப்புதான். சக்கரத்தின் அச்சில் பற்சக்கரம், அதன்மேல் செயின், செயினின் இரு முனையிலும் வயர். அந்த வயர் சக்கரம் நிற்கும் பீடத்துக்குள் இறங்கி, கப்பிகளைச் சுற்றிப் போய், சுக்கான் தண்டைக் கவ்வி அதைத் திருப்பும் கால்வட்ட வடிவத் துண்டான குவாட்ரன்டில் முடியும். இதில் எங்கே தேய்ந்தாலும் சக்கரம் பிடிப்பவர் கைக்கு அது கடைசியில்தான் எட்டும். அதனால் டார்ச்சோடு பின்பக்க லாக்கருக்குள் இறங்கியே ஆக வேண்டும்.

இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகச் சுற்றட்டும். கீழே இருப்பவர் சொல்லாமல் சக்கரம் அசையவே கூடாது, கப்பியில் சிக்கிய விரல் மிஞ்சாது. வயர் ஒவ்வொரு கப்பியின் பள்ளத்திலும் நேராக நுழைந்து நேராக வெளியேற வேண்டும். விளிம்பில் உரசினால் கப்பிக்கு அடியில் கறுப்புத் தூளோ உலோகத் துகளோ கொட்டிக் கிடக்கும். பிறகு சுக்கானை ஸ்டாப்பில் (அதற்குமேல் திரும்பாமல் தடுக்கும் கட்டை) முட்டவிட்டு, மேலே இருப்பவர் சக்கரத்தைச் சற்று அழுத்திப் பிடிக்கட்டும். கப்பி பொருத்திய பலகை வளைகிறதா, போல்ட் அசைகிறதா என்று அந்த நேரத்தில்தான் தெரியும். வயர் அறுவதைவிடக் கப்பி அடியோடு பிய்ந்து வருவதற்குத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். வயர் போனால் மாற்று வயர் கட்டலாம். கப்பி நின்ற ப்ளைவுட்டே உளுத்துப் போயிருந்தால் நடுக்கடலில் எதில் பொருத்துவது? மரத் திருகாணியில் நிற்கும் கப்பி எதுவானாலும் கழற்றி, ஊடுருவிச் செல்லும் போல்ட்டும் பின்னால் தகடும் வைத்துப் பூட்டுங்கள்.

இனி வயர். சுக்கானுக்கு ஏற்றது 7x19 வகை: ஏழு புரி, புரிக்கு 19 இழை, மொத்தம் 133. பாய்மரத்தைத் தாங்கும் 1x19 வயர் மிச்சம் கிடக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அது விறைப்பானது, கப்பியில் வளைந்து வளைந்து சீக்கிரம் ஒடிந்துவிடும். சோதிப்பது எளிது. டிஷ்யூ தாளை ஆயிலில் நனைத்து வயர் நெடுகத் துடையுங்கள். இழை உடைந்த இடத்தில் தாள் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். வெறுங்கையால் தடவினால் உடைந்த இழை ஊசிபோல ஏறும். சுக்கான் நேராக நிற்கும்போது கப்பிமேல் படியும் துண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பயணம் முழுவதும் வளைந்து நிமிர்வது அந்தத் துண்டுதான். ஒரே ஓர் இழை உடைந்திருந்தாலும் வயரை மாற்றுங்கள். ஒன்றும் உடையாவிட்டாலும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது எங்கள் வழக்கம். கழற்றிய வயர் நன்றாக இருந்தால் சுருட்டி உபரியாகப் படகிலேயே வையுங்கள்.

முனைகளில் வயரை மடக்கி அழுத்தும் குழல் செம்பாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் வயரில் அலுமினியக் குழல் உப்பு நீரில் அரித்துப்போகும். யூ வடிவக் கிளிப் போடுவதானால் யூ வளைவு குட்டை முனைமேல் வர வேண்டும், சுமை தாங்கும் வயர்மேல் அடிப்பாகம் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை வயரையே அது நசுக்கும்.

செயினுக்கும் வயருக்கும் 30 எண் ஆயில் சில துளி போதும். கிரீஸ் வேண்டாம்; உள்ளே இறங்காமல் வெளியே அப்பிக்கொண்டு உப்பையும் தூசியையும் பிடித்து வைக்கும். சக்கர அச்சின் பேரிங்குக்கு மட்டும் டெஃப்லான் கிரீஸ். சக்கரத்தைப் பூட்டும் பிரேக்கின் பேடில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. செயினைப் பார்க்கப் பெரும்பாலும் திசைகாட்டியைக் கழற்ற வேண்டியிருக்கும். அது நின்ற நிலையைப் பென்சிலால் குறித்துவிட்டு எடுங்கள், காந்தம் ஒட்டாத திருகாணியே திரும்பப் போடுங்கள்.

வயருக்கு இழுவை வைக்கும் முறை இது: சக்கரத்தை நேராக நிறுத்திப் பூட்டிவிட்டு, குவாட்ரன்டில் வயர் முனைகளைப் பிடித்திருக்கும் இரு கண்போல்ட்டுகளையும் சமமாக முறுக்குங்கள். குவாட்ரன்டைக் கையால் ஆட்ட முடியாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். தளர்ந்திருந்தால் வயர் கப்பியிலிருந்து நழுவும். கூடுதலாக முறுக்கினாலோ சக்கரம் கனத்து, தண்ணீரின் அழுத்தம் கைக்குத் தெரியாமல் போகும். புதிய வயர் நீளும். சில நாள் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

செயினின் முனை பற்சக்கரத்தை எட்டும் முன் குவாட்ரன்ட் ஸ்டாப்பில் முட்ட வேண்டும். பின்னோக்கி ஓட்டும்போது தண்ணீர் சுக்கானைச் சட்டென்று திருப்பி அறையும். அந்த அடியை ஸ்டாப் வாங்காவிட்டால் வயர் வாங்கும். அதனால் ரிவர்ஸில் சக்கரத்தை விட்டுவிடவே கூடாது. குவாட்ரன்டிலிருந்து தண்டுவரை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் பிடி நழுவுகிறது என்று பொருள்.

படகு கரையேறியதும் சுக்கானின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டொக்கென்ற சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆட்டமே இல்லாமல் இறுகியிருந்தால் நைலான் புஷ் நீர் குடித்து ஊதியிருக்கலாம்; அதற்குக் கிரீஸ் பயன்படாது, கழற்றி உள்விட்டத்தைச் சீர் செய்ய வேண்டும். கரையேறிப் பல நாளாகியும் சுக்கானின் அடியில் நீர் கசிந்தாலோ, துருநிறக் கறை தெரிந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். தண்டோடு பற்றவைத்த தகடுகள் காற்றுப் படாமல் உள்ளே அரிபட்டிருக்கலாம். வெளியே எவ்வளவு பூசினாலும் அது சரியாகாது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சக்கரம் பழுதானால் சுக்கான் தண்டில் நேராக மாட்டித் திருப்பும் கைப்பிடியான அவசர டில்லரைத் துறையில் பொருத்திப் பார்த்தால் போதாது. பாய் விரித்து ஓடும்போது மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பீடத்தில் இடிக்கிறதா, ஒருவர் பலம் போதுமா, தள மூடி கையால் திறக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தானியங்கிச் சுக்கான் கருவிக்கு (ஆட்டோபைலட்) தண்டிலேயே தனிக் கை இருந்தால் வயர் அறுந்தாலும் அது சுக்கானைத் திருப்பும்.

வயர் வாங்க வரும்போது பழைய வயரையும் செயினையும் கழற்றியே கொண்டுவாருங்கள். 3/16 அங்குலமா 1/4 அங்குலமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது சரிவராது.

அன்புடன்,
பட்டறையினர்