சர்க்கரை டப்பாவும் கரும்புக் கொல்லையும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4 வந்திருப்பதும், அதற்காக நீ நாட்டுச் சர்க்கரைக்கு மாறியதும் தெரிந்தது. உன்னைப் பாராட்டத்தான் ஆசை, ஆனால் இந்த மாற்றத்தால் ரத்தத்தில் ஒன்றும் மாறாது. நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். குடலில் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடையும்போது அதன் நிறத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? இரும்புச்சத்து உண்டு, ஆனால் ஒரு ஸ்பூனில் கிடைப்பது சொற்பம். இனிப்பு கொஞ்சம் மட்டு என்பதால் கை தானாக அரை ஸ்பூன் கூடப் போடும். தேனும் இதே ஜாதிதான்.

ஸ்பூன் கணக்கை நம்பாதே, மளிகைச் சீட்டைப் பார். நான்கு பேருக்கு மாதம் 5 கிலோ என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 42 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன உச்சவரம்பு, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். அதில் பாதியாக 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. மாதம் 2 கிலோவுக்கு இறக்கினால் தலைக்கு 17 கிராம் வரும். 25இல் மிச்ச 8 கிராமை வெளியில் குடிக்கும் ஒரு டீயே தின்றுவிடும்.

ஒரேயடியாக நிறுத்தாதே. நான்காம் நாளே வீட்டில் கலகம் வரும். வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறை. இரண்டு ஸ்பூன் அரை ஸ்பூனாக ஆறு வாரம் போதும். நாக்கு பழகிய பிறகு பழைய காபி பாயசம் மாதிரி இருக்கும். டீத்தூளை ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறும், அதை அமுக்கத்தான் பாதிச் சர்க்கரை போகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிடு. பலரும் சறுக்குவது பிஸ்கட்டில்தான். இனிப்பே இல்லாதது போலிருக்கும் மேரி பிஸ்கட்டில்கூட 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். பாக்கெட்டைத் திருப்பி, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்ற வரியைப் படி. டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் எல்லாம் அதன் மாற்றுப் பெயர்கள். இனிப்பைக் குறைத்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு வாங்கினாலும் பலனில்லை. கல்லீரல் கொழுப்புக்கு மட்டும் பிரக்டோஸ் குறைவதே ஒரு லாபம், ஏனென்றால் பிரக்டோஸில் பெரும்பகுதியைக் கையாள வேண்டிய வேலை கல்லீரலுடையது.

எல்லாரும் சர்க்கரையை விட்டால் நம் கரும்பு என்னாவது என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். மாதம் 3 கிலோ குறைந்தால் வருஷம் 36 கிலோ. ஆலையில் நூற்றுக்கு ஒன்பதரை கட்டுமானம், அதாவது 100 கிலோ கரும்புக்கு ஒன்பதரை கிலோ சர்க்கரை, என்று வைத்தால் 380 கிலோ கரும்பு. ஏக்கருக்கு 40 டன் விளைச்சலில் கிட்டத்தட்ட ஒரு சென்ட் நிலம். அந்த ஒரு சென்ட் பத்துப் பன்னிரண்டு மாதம் தண்ணீர் குடிக்கும். பயிர்க்காலம் முழுக்க 1500 முதல் 2500 மில்லிமீட்டர் வரை தேவைப்படும் பயிர் அது. 2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தில் வறட்சியில் தவித்த லாத்தூருக்கு மிராஜிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் போனபோது, கரும்புக்கு இறைத்த தண்ணீர்தான் பேச்சானது.

ஆனால் நம் வீட்டில் மிச்சமான சென்ட் தானாக நெல்லாகவோ உளுந்தாகவோ மாறாது. சர்க்கரைக்குப் போகாத சாறு எத்தனாலுக்குப் போகும், பெட்ரோலில் கலக்க. அதனால் உடம்புக்கு வரும் பலன் உடனே வரும், மண்ணுக்கு அப்படி வராது. இந்தக் கணக்கில் கருப்பட்டி மட்டும் தனி: பனைக்கு யாரும் தண்ணீர் இறைப்பதில்லை. பதநீரைக் காய்ச்ச விறகுச் செலவு உண்டு. உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான், ஆகவே அளவு அதே 17 கிராம்.

கொல்லையில் உன் கையில் இருப்பது வேறு. வெட்டு முடிந்ததும் சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, கொளுத்தாதீர்கள். தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போய்விடும். மறுதாம்பில் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிரில்) ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பினால் ஈரம் நிற்கும், களை அமுங்கும். பரப்பிய பிறகு பயிர் வெளிறினால் பயப்படாதே; சோகையை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் விடும்போது கொஞ்சம் யூரியா கூடுதலாகக் கொடுத்தால் தெளிந்துவிடும். சொட்டுநீர் போட்டிருந்தால் குழாயைச் சோகைக்கு அடியில் விடு, எலி கடிக்கிறதா என்று அடிக்கடி பார்.

எழுதி முடிக்கப்போகும்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணனின் மாத்திரைச் சீட்டைப் பார்த்தாயா? கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு இருந்தால், இனிப்பைக் குறைக்கும்போது டாக்டரிடம் சொல்லி அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்த்துக் கை நடுங்கலாம். அப்போது 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், மூன்று ஸ்பூன் அளவு, தண்ணீரில் கரைத்துக் கொடு. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதி. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. சீட்டில் வோக்லிபோஸோ அகார்போஸோ சேர்ந்திருந்தால் சாதாரணச் சர்க்கரை அந்த நேரத்துக்கு உதவாது, அதை உடைப்பதைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. ஆகவே குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று வீட்டிலும் ஒன்று அவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும்.

அன்புடன்,
சாந்தி