யார் அங்கே டூரிஸ்ட்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வீடியோ கலையும் பெண்மையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் பால் மாற்றத்தைச் சுற்றுலாவோடு ஒப்பிட்ட இடத்தில் எனக்கு உறுத்தியது. சுற்றுலா போகிறவர் திரும்பி வரும் தேதியைத் தெரிந்துகொண்டுதான் பெட்டியே கட்டுகிறார். ஒரு திருநங்கை அப்படியா வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்?

சுற்றுலாப் பேச்சே கூடாது என்று சொல்லவில்லை, யார் டூரிஸ்ட் என்பதில்தான் சிக்கல். அமெரிக்கக் கலைஞர் வூ சாங் எடுத்த 'வைல்ட்னெஸ்' (2012) என்ற ஆவணப்படம் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் சில்வர் பிளாட்டர் என்று ஒரு பார், 1963லிருந்து இருப்பது, லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறிய திருநங்கைகள் கூடும் இடம். அங்கே வூ சாங்கும் நண்பர்களும் செவ்வாய்க்கிழமை இரவுகளில் பார்ட்டி நடத்த ஆரம்பிக்கிறார்கள், பேர் பரவுகிறது, வெளியாட்கள் வந்து குவிகிறார்கள், அதுவரை அந்த இடத்தைத் தங்களுக்கென்று வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிறது. இதில் கதை சொல்வது யார் தெரியுமா? அந்த பாரேதான், ஸ்பானிஷ் மொழியில், பெண் குரலில்! தானும் அங்கே விருந்தாளிதானோ என்ற குறுகுறுப்பை வூ சாங் மறைக்கவில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்புறம், பார்க்க வருகிற நாமும் டூரிஸ்ட்தான். வீடியோ கலையைச் சினிமா மாதிரி முதலிலிருந்து உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. கண்காட்சி அறையில் படம் சுற்றிச் சுற்றி ஓடும், நடுவில் நுழைந்து நடுவிலேயே எழுந்துவிடுவோம். ஒரு கண்காட்சியில் திரை முழுக்க ஒரு முகம், கை லேசாக நடுங்க, மிக மெதுவாகக் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தது. பெண்மை என்பது தினம் தினம் கை பழகும் வேலை என்று அந்த நடுக்கமே சொல்லிவிட்டது, பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கமே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேர் வந்தார்கள், அந்த முகத்துக்குப் பக்கத்தில் தங்கள் முகத்தை வைத்து செல்ஃபி எடுத்தார்கள், இரண்டாவது கண்ணுக்கு மை போவதற்குள் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் என்ன, அன்று அடுத்த அறையில் ஹெட்ஃபோனை மாட்டி ஒரே நிமிடத்தில் கழற்றி வைத்தவள்தான்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த விஷயத்தை ஒரு திருநங்கையோ திருநம்பியோ எழுதட்டும். படத்துக்குக் கீழே கலைஞர் பெயரோடு, வீடியோ எத்தனை நிமிடம் ஓடும் என்பதையும் போடுங்கள். நேரம் ஒதுக்கிக்கொண்டு போக வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி