பெயர் வேண்டாம் என்ற பேராசிரியர் ஐயாவுக்கு

பல வருடம் கட்டுமான சைட்டில் வெயில் காய்ந்துவிட்டுப் பாடம் நடத்த வந்த ஐயா, பினாங்கு பத்து மாவுங் கரையில் எங்களை நிறுத்தினார். எதிரே தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் இரண்டாவது பாலம், 2014இல் திறந்தது, 24 கிலோமீட்டர். தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் உள்ள ரப்பர் தாங்கியின் மாதிரித் துண்டைக் கையில் கொடுத்தார். ரப்பர், இரும்புத் தகடு, மறுபடி ரப்பர். "மேலே அழுத்து, நசுங்காது. பக்கத்தில் தள்ளு, அசைந்து கொடுக்கும். சுமத்ராவில் நிலம் குலுங்கினால் அதிர்ச்சியை இதுதான் வாங்கிக்கொள்ளும்." எத்தனை முறை படித்தும் மண்டையில் ஏறாதது அன்று ஏறியது.

அப்புறம், முதல் வேலைக்குக் கிளம்பிய என்னிடம் பூட்ஸ் வாங்கப் பணமில்லை. கேட்காமலே வாங்கித் தந்தார். இன்றும் அதைத்தான் போட்டுக்கொண்டு பாலத்துக்குப் போகிறேன். மனமார்ந்த நன்றி, ஐயா.