வண்டி லேட் என்று சொன்ன அக்காவுக்கு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு இட்லி சாப்பிட்டார், சட்னியில் உப்பு இல்லை என்றார், படுத்துவிட்டார். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நினைவு தப்பிப்போகும் அப்பா இராமேஸ்வரத்தில் காணாமல் போனதும் நாம் தேடியதும் உங்களுக்கெல்லாம் தெரியும். உங்களில் பாதிப் பேர் அன்று சோறு தண்ணி இல்லாமல் எங்களோடு தேடியவர்கள். அந்தக் கதையை மறுபடி எழுதும் தெம்பு எனக்கு இல்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

படத்தைப் பகிர்ந்தவர்கள், இராமேஸ்வரம் ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகள், கோயில் வாசல்களில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தவர்கள், அக்னி தீர்த்தக் கரையில் உடை மாற்றும் அறை வரை போய்ப் பார்த்த அக்காமார், கடலுக்குப் போகும் டோக்கனுக்கு வரிசையில் நின்ற விசைப்படகுக்காரர்கள் எல்லோர் போனிலும் அப்பா படத்தை ஏற்றிவிட்ட அண்ணன், தங்கச்சிமடத்துச் சொந்தங்கள், சலிக்காமல் போன் எடுத்த காவலர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள், பிறகு ஆயுசுக்கும் சடைவு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மிச்ச இடமெல்லாம் ஒருவருக்குத்தான். தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மீன் வறுத்து விற்கிற அக்காவுக்கு.

அக்காவின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பனையோலைக் கூரை, அதன் மேல் நீலத் தார்ப்பாய், ஒரு பெரிய தோசைக்கல், மசாலா பூசி வரிசையாக அடுக்கி வைத்த சங்கராவும் பாறை மீனும், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. கடை அவ்வளவுதான்.

டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிய அப்பா, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "போட் மெயில் வந்துருச்சா?" சென்னையிலிருந்து இலங்கைக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுவந்த அந்தக் காலத்து ரயில் அது. சுற்றுலா வந்தவர்களுக்கு அது என்னவென்றே புரியவில்லை. ஒரு பையனுக்குப் புரிந்திருக்கிறது. "தாத்தா, அந்த வண்டி நின்னு அறுபது வருஷம் ஆச்சு. இங்க ஸ்டேஷனே இல்ல" என்று சொல்லியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், உள்ளதைத்தான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் அப்பாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. ஆண்கடல் பக்கமாக, அதாவது மன்னார் வளைகுடாப் பக்கமாக, வேகமாக நடக்க ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பக்கத்து அலை எப்படி என்று ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கரண்டியைக் கையில் பிடித்தபடியே அக்கா கூப்பிட்டிருக்கிறார்.

"ஐயா, வண்டி லேட்டு! இப்பத்தான் போன்ல சொன்னாங்க. இங்க வந்து உக்காருங்க, வந்ததும் நான் சொல்றேன்."

அப்பா நின்றுவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "எவ்வளவு லேட்டு?" என்று கேட்டாராம். "பாம்பன்லயே நிக்குதாம்யா" என்றாராம் அக்கா. அப்பாவுக்கு அது திருப்தியாக இருந்திருக்கிறது. "பாலம் தூக்கியிருப்பான், கப்பல் போகணும்ல" என்று அவரே காரணமும் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அக்கா செய்ததை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. முதலில் அவரைக் கடலைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறார். கடலைப் பார்க்கப் பார்க்க அவர் கால் ஒரு நிலையில் இல்லை என்று கவனித்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார், பழைய ஸ்டேஷன் சுவர் இருக்கும் பக்கமாக. பிறகு தண்ணீர், டீ, முள் எடுத்த மீன் ஒரு துண்டு. வியாபாரம் மும்முரமாக இருந்த நேரம். இருந்தும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அடுப்படியிலிருந்தே, "இன்னும் கெளம்பலையாம்யா" என்று ஒரு குரல். அப்பா, "டிக்கெட்டுக் கவலை இல்ல. எங்கப்பா ரயில்வே. பாஸ் அவர்கிட்ட இருக்கு, இப்ப வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தாத்தா தனுஷ்கோடி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவு டூட்டியில் இருந்தார். அப்பாவுக்கு 12 வயது. ஆச்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரத்தில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த நேரம், அதனால் இவர்கள் பிழைத்தார்கள். அன்றிரவு பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ஊர் போய்ச் சேரவில்லை. தாத்தாவும் வரவில்லை. எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

நினைவு தப்ப ஆரம்பித்ததிலிருந்து அப்பாவின் தலைக்குள் இருக்கும் தீவு, நாம் பார்க்கிற தீவு இல்லை. அதில் பாம்பன் ஒரு ஜங்ஷன். மெயின் லைன் தனுஷ்கோடிக்குப் போகும், இராமேஸ்வரத்துக்குக் கிளைப்பாதைதான். எழும்பூரில் ஏறினவர் தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கச் சோதனையை முடித்து, கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடிப்பார். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது வருஷம் இப்படித்தான். 'இர்வின்', 'கோஷன்' என்று கப்பல் பெயர்களை அப்பா இன்றைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்கிறார், என் பெயர்தான் சில நாள் வருவதில்லை. இராமேஸ்வரம் சாமி கும்பிடப் போகிற ஊர். தனுஷ்கோடிதான் டவுன். அன்று காலையிலும் "டவுனுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றுதான் லாட்ஜ் வாசலில் யாரிடமோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாம் எல்லோரும் ரத வீதியையும் சந்நிதித் தெருவையும் சலித்துக்கொண்டிருந்தோம்.

புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தை 46 நாளில் எழுப்பி நிறுத்தினார்கள். ஸ்ரீதரன் என்கிற பொறியாளரின் பெயரை நாடு கேட்டது அப்போதுதான். ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குத் தண்டவாளத்தைத் திரும்பப் போடவேயில்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அறிவித்துவிட்டார்கள். கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. 'ராமானுஜம்' கப்பலில் வந்து இறங்கியவர்களின் பெட்டிகளை வாலிபத்தில் அப்பா சுமந்திருக்கிறார். 80களில் இலங்கையில் சண்டை தீப்பிடித்ததும் அந்தக் கப்பலும் நின்றது.

இந்தத் தீவின் வாசற்படி இப்படி இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வாசல் மாறும்போதெல்லாம் பழைய வாசலில் கடை போட்டிருந்தவர்கள் பிழைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1988இல் சாலைப் பாலம் திறந்ததும் பஸ்ஸும் லாரியும் நேராக ஊருக்குள் வந்தன. ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரை வண்டிக்காரர்களின் பிள்ளைகள் ஆட்டோவுக்கு மாறினார்கள். 2007இல் ரயிலுக்கு அகலப்பாதை. 2015இல் கலாம் ஐயாவைப் பேய்க்கரும்பில் அடக்கம் செய்தார்கள். இன்று அங்கே நினைவிடமும் கூட்டமும் வரிசையாக நிற்கும் வேன்களும். அப்பாவுக்கோ பேய்க்கரும்பு என்றால் பனங்காடும் மணலும்தான். ஊர் கெட்டுப்போச்சு என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பழைய ஊரில் பிரசவ வலி வந்தவளுக்கு அக்கரை போக ரயிலை விட்டால் படகுதான் என்பதைப் பெரியம்மாக்கள் சொல்லிக் கேட்டவள் நான். அதற்காக எல்லாம் வளர்ச்சி என்று கைதட்டவும் வரவில்லை.

அக்காவிடம் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்து, அதற்கு மேல் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கி ஆட்களை ஏற்றிப் போன வேன்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அக்காவின் வீட்டுக்காரர் அதில் ஒன்றை ஓட்டியவர். 2017இல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு வந்தது. "ரோடு வந்துச்சு, எங்க வேன் போச்சு. ரோடு வந்துச்சு, எனக்குக் கடை வந்துச்சு" என்றார் அக்கா. இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

"எப்படிக்கா உங்களுக்கு அப்படிச் சொல்லத் தோணுச்சு?" என்று கேட்டேன். பெரிய பதில் ஒன்றை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"இந்தக் கரையில வந்து எறங்குறவங்களப் பாத்துப் பாத்துப் பழக்கந்தான் தங்கச்சி" என்றார். சண்டைக் காலத்தில் ராத்திரி ராத்திரியாக மன்னார் பக்கமிருந்து படகு வருமாம். விடியும்போது மணல் திட்டில் பிள்ளைகளோடு நிற்பார்களாம். அக்காவின் அம்மா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாராம். எங்கிருந்து வர்றீங்க, ஏன் வர்றீங்க என்று ஒரு கேள்வி கேட்க மாட்டாராம். "கேக்குறதுக்குப் போலீசு இருக்கு, அதிகாரி இருக்காங்க. அவங்க எப்படியும் கேப்பாங்க. நம்ம முதல்ல தண்ணியக் குடுப்போம், உக்கார வைப்போம்னு எங்கம்மா சொல்லும்." 2022இல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் மறுபடி படகுகள் வந்தபோது, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனது அக்கா.

பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "அதோட, ரயிலு லேட்டுன்னு சொன்னா யாரு நம்ப மாட்டாங்க? ரெண்டு வருசத்துக்கு மேல தீவுக்குள்ள வண்டியே வராமத்தானே கெடந்துச்சு." உண்மைதான். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியவர்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதுவரை ரயில்கள் அக்கரையோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

ஒருவரை உட்கார வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவும் இல்லை அக்கா. பஸ் கண்டக்டரிடம் சொல்லி, செக்போஸ்ட்டில் சொல்லச் சொல்லி, சிப்பி மாலை விற்கிற பையனின் போனில் சிக்னல் கிடைக்கும் இடம் வரை அவனை ஓட விட்டிருக்கிறார். அந்தப் போனில்தான் நீங்கள் பகிர்ந்த படம் இருந்தது. நாங்கள் போய் இறங்கும்போது சுற்றுலா வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பும் நேரம். மற்ற கடைகளில் தார்ப்பாயை அவிழ்த்துக் கட்டிவிட்டார்கள். அக்காவின் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தால் ஐயா ஊர் அடங்கிப்போச்சு என்று எழுந்துவிடுவாரோ என்று யோசித்து, விற்க மீன் இல்லாமலே எரித்திருக்கிறார்.

அப்பா என்னைப் பார்த்ததும், "நீ எதுல வந்த? வண்டி பாம்பன்லல நிக்குது" என்றார். கார்ல வந்தேன்பா என்றேன். "சரி, அப்ப கார்லயே போயிருவோம். எங்கப்பா வந்தா இந்தம்மா சொல்லிரும்" என்று எழுந்தார். அக்காவைப் பார்த்து, "சொல்லிருவீங்கள்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். "கண்டிப்பாச் சொல்றேன்யா, நீங்க வீட்டுக்குப் போயிச் சாப்பிடுங்க" என்றார் அக்கா. தாத்தாவுக்காகக் காத்திருக்கும் பொறுப்பை 12 வயதிலிருந்து சுமந்தவர் அதை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காரில் ஏறியதை அன்றுதான் பார்த்தேன்.

பணம் கொடுக்கப் போனேன். கோபித்துக்கொண்டார். டீக்கும் மீனுக்குமாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியும் நடக்கவில்லை. கடைசியில் அவராக ஒன்று கேட்டார். அப்பா உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அங்கே போஸ்ட் ஆபீஸ், இங்கே பள்ளிக்கூடம், அதோ தண்ணித் தொட்டி என்று கையைக் காட்டிக் காட்டிப் பேசியிருக்கிறார். "ஐயா நல்லா இருக்கிற நாளாப் பாத்து அதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக் குடு தங்கச்சி. இங்க வர்றவங்க இது என்ன சுவருன்னு கேக்குறாங்க, எனக்குப் பாதி தெரியாது" என்றார்.

நேற்றிலிருந்து அந்த வேலையை ஆரம்பித்திருக்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் அப்பாவின் தலைமாட்டில் இருக்கின்றன. ஸ்டேஷனுக்கும் துறைக்கும் நடுவில் சுங்க ஆபீஸ் எந்தப் பக்கம் என்பதில் அவருக்கும் சித்தப்பாவுக்கும் போனில் பெரிய தகராறு, இன்னும் தீரவில்லை. அந்த ஊரில் பிறந்தவர்கள் உங்கள் வீட்டிலும் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். எழுதி முடிந்ததும் லேமினேட் செய்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

அதற்கு முன்னால் தனுஷ்கோடி போகிறவர்கள், அக்கா எந்தக் கடை என்று தேட வேண்டாம், அது அவருக்குத் தொந்தரவு. ஏதோ ஒரு கடையில் உட்கார்ந்து மீன் சாப்பிடுங்கள். தயவுசெய்து பேரம் மட்டும் பேசாதீர்கள்.