நன்றி சொல்லி வாங்கிய பதில்களை அழித்தது குறித்து: இணையப் படிவ நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
திட்ட ஒருங்கிணைப்பாளர்,
உப்பளத் தொழிலாளர் கணக்கெடுப்பு,
தூத்துக்குடி.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையவழிக் கணக்கெடுப்புப் படிவச் சேவை நிறுவனம்.

பொருள்: வரம்பு தாண்டிய பதில்களை வாங்கிக்கொண்டு, பூட்டி வைத்து, பிறகு அழித்தது – பதில்களை மீட்டுத் தரவும், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளத் தொழிலாளர்கள் நடுவே வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம். உங்கள் தளத்தில் ஆண்டுச் சந்தா கட்டி, தொழிலாளர்களின் உடல்நலம், குடிநீர், கழிப்பறை, கூலி பற்றி ஒரு கணக்கெடுப்புப் படிவம் உருவாக்கினோம். எங்கள் சந்தாவுக்கு மாதம் 1000 பதில்கள் வரம்பு. மே மாதக் கடைசியில் அந்த வரம்பு தாண்டியது. தாண்டிய பிறகும் உங்கள் படிவம் மூடிக்கொள்ளவில்லை. பதில்களை வாங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ‘நன்றி, உங்கள் பதில் பதிவாகிவிட்டது’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. ஆனால் அந்தப் பதில்களை எங்களுக்குக் காட்டாமல் பூட்டி வைத்தீர்கள். விவரம் தெரிந்து, கூடுதல் பணம் கட்டி மேல் சந்தாவுக்கு மாறினோம். பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான், பூட்டிய பதில்கள் 60 நாளில் தானாக அழிந்துவிடும், அவற்றை இனி மீட்க முடியாது என்று உங்கள் உதவிப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சொன்னவை இதில் போய்விட்டன.

இதைச் சந்தா விவகாரமாக மட்டும் நீங்கள் பார்ப்பதால், அந்தப் பதில்கள் எப்படி வந்தவை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் உப்பு வேலை பிப்ரவரி, மார்ச்சில் சூடுபிடித்து, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். மழை இறங்கிவிட்டால் பாத்திகளில் வேலை இல்லை. வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே அளத்தில் இறங்கிவிடுவார்கள். உப்பு வாருவது, சுமப்பது எல்லாம் பெரும்பாலும் வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சமையல், குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு வரிசை. இடையில் கிடைக்கும் அரை மணி நேரத்தில்தான் எங்கள் களப் பணியாளர்கள் அவர்களோடு உட்கார முடியும். எங்கள் பணியாளர்கள் எல்லாரும் அந்தந்தத் தெருக்களிலேயே வளர்ந்த பெண்கள். படிவத்தின் லிங்கை வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு மட்டும் அனுப்பினோம். தொழிலாளர்களுக்கு நேரடியாக அனுப்பிப் பயனில்லை, ஏனென்றால் பல வீடுகளில் ஒரே ஒரு போன்தான், அதுவும் மகன் கையில் இருக்கும்.

படிவத்தை உருவாக்கவே நாங்கள் நிறையப் பாடுபட்டோம். முதலில் ‘மாத வருமானம் எவ்வளவு’ என்று ஒரு கேள்வி வைத்து முத்தையாபுரத்தில் சிலரிடம் கேட்டுப் பார்த்தோம். யாராலும் சொல்ல முடியவில்லை. நாள் கூலிக்குப் போகிறவருக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, ‘ஒரு நாள் கூலி எவ்வளவு’, ‘போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது’, ‘முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா’ என்று மூன்றாகப் பிரித்தோம். முன்பணம் இல்லை என்றால் அடுத்த நான்கு கேள்விகளைத் தாண்டிப் போகும்படி அமைத்தோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்துக்குப் பிறகு அளத்தில் மறுபடி எப்போது வேலை தொடங்கியது என்று ஒரு கேள்வி. வெயிலில் உப்பு பளபளக்கும்போது கண் கூசுகிறதா, இரவில் பார்வை மங்குகிறதா என்று ஒரு பகுதி. கடைசியில் பெண்களுக்கு மட்டுமான பகுதி.

அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றி உங்கள் அதிகாரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். பரந்து கிடக்கும் உப்பளத்தில் மறைவிடம் கிடையாது. கழிப்பறை இல்லாத அளங்களில் வேலை முடியும்வரை அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களின் சிரமம், கர்ப்பப்பைக் கோளாறு என்று வீட்டு ஆட்களிடம்கூடச் சொல்லாததை, கூட ஒருத்தர் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி எங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். பேர் எழுத மாட்டோம், போன் நம்பர் கேட்க மாட்டோம் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்ததால்தான் சொன்னார்கள். உங்கள் தளம் அழித்தது இதைத்தான்.

‘பதிலளித்தவர்களிடம் மீண்டும் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்’ என்று உங்கள் உதவிப் பிரிவு எழுதியது. யாரிடம் போவது? பேர் இல்லை, நம்பர் இல்லை. எந்த இருநூறு பேருடைய பதில் போனது என்று எங்களுக்கே தெரியாது. தெரு முழுக்க மறுபடி கேட்டால், ஏற்கெனவே பதிவானவர்கள் இரண்டு முறை கணக்கில் வந்துவிடுவார்கள். அதையும் மீறி ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு வீட்டில் எங்கள் பணியாளர் மறுபடி கேட்கப் போனார். அந்த அம்மா, “அன்னைக்கே எல்லாத்தையும் ஒங்கிட்டச் சொன்னேனே தாயி, அத என்ன செஞ்சிய?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு உங்கள் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தொலைந்தவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்திருந்தால், மிச்சத்தை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். அப்படி நடக்கவில்லை. நாங்கள் வேப்பலோடையில் தொடங்கி, தருவைக்குளம், முத்தையாபுரம் என்று தெற்கே இறங்கி, மாதக் கடைசியில்தான் ஆறுமுகநேரிக்குப் போனோம். வரம்பு தாண்டிய பதில்கள் அநேகமாக எல்லாமே அந்தப் பக்கத்து ஆட்களுடையவை. ஆகவே இப்போது எங்கள் கையில் இருக்கும் கணக்கில், ஆறுமுகநேரியில் கண் உபாதை உள்ளவர்கள் குறைவு, கழிப்பறை இல்லாத அளங்கள் குறைவு என்று பொய்யாக ஒரு படம் தெரிகிறது. கண் பரிசோதனை முகாமை எங்கே முதலில் வைப்பது, நடமாடும் கழிப்பறைக்கு எந்த அளத்துக்காக மனு கொடுப்பது என்பதையெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய இருந்தோம். எண்ணிக்கை குறைந்தது மட்டுமல்ல, ஒரு ஊரே கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

இது எங்களுக்கு உடனே தெரியாமல் போனதற்கும் உங்கள் திரை அமைப்பே காரணம். மே மாதத்தில் 1000 என்று நின்ற எண், ஜூன் பிறந்ததும் புது மாதக் கணக்கோடு சேர்ந்து மறுபடி ஏறத் தொடங்கியது. பூட்டிய பதில்கள் இத்தனை என்று முகப்பில் எங்கேயும் இல்லை. களப் பணியாளர்களின் குறிப்பேட்டு எண்ணிக்கையையும் உங்கள் எண்ணிக்கையையும் ஆகஸ்டில் ஒப்பிட்டபோதுதான் இடைவெளி வெளியே வந்தது. ‘மே மாதமே அறிவிப்பு அனுப்பினோம்’ என்று சொல்கிறீர்கள். அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள். ‘உங்கள் கணக்கெடுப்பு வளர்கிறது, மேல் சந்தாவுக்கு 20 சதவீதத் தள்ளுபடி’ என்கிற விளம்பரம் அது. பதில்கள் பூட்டப்பட்டன என்றோ, 60 நாளில் அழியும் என்றோ அதில் ஒரு வரி கிடையாது.

வரம்பு வைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. உங்களுக்கும் சர்வர் செலவு உண்டு, சம்பளம் உண்டு. வரம்பு முடிந்ததும் ‘இந்தப் படிவம் இப்போது பதில்களை ஏற்கவில்லை’ என்று காட்டியிருந்தால் போதும், களத்தில் இருந்த பெண் அந்த நிமிடமே எனக்குப் போன் செய்திருப்பார். நான் அன்றைக்கே பணம் கட்டியிருப்பேன், அல்லது காகிதத்தில் எழுதச் சொல்லியிருப்பேன். இலவசப் படிவச் சேவைகளில்கூட, உரியவர் படிவத்தை நிறுத்திவிட்டால் திறக்கிறவருக்கு அது தெளிவாகத் தெரிகிறது. நீங்களோ, ரேஷன் கடையில் கைரேகையை வாங்கிக்கொண்டு, பில்லும் போட்டுவிட்டு, அரிசியை மட்டும் கொடுக்காத மாதிரி செய்திருக்கிறீர்கள். ஒருவருடைய பதிலை வாங்கி, நன்றியும் சொல்லி, அதைப் பிணையாக வைத்துப் பணம் கேட்பதை நியாயமான வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வேறு இரண்டு குறைகளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தளத்திலிருந்து பதில்களின் அட்டவணையை சிஎஸ்வி கோப்பாக டவுன்லோடு செய்து எக்செல்லில் திறந்தால், தமிழ்ப் பதில்கள் எல்லாம் à®, à¯ என்று உடைந்த எழுத்துகளாக வருகின்றன. கோப்பு, தமிழ் எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில்தான் இருக்கிறது. அதை எக்செல் அடையாளம் கண்டுகொள்ள, கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட்டுகள் கொண்ட ஒரு குறி இருந்தால் போதும். அதை நீங்கள் சேர்ப்பதில்லை. தெரிந்தவர்கள் எக்செல்லின் டேட்டா பகுதிக்குள் போய் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்துகொள்வார்கள். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண், தமிழ்ப் பதில் மொத்தமும் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழுதுவிட்டார். தேதியிலும் தொல்லை. 4.2.2024, அதாவது பிப்ரவரி 4, அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால் வந்து ஏப்ரல் 2 ஆகிறது. 12க்கு மேற்பட்ட தேதிகள் மட்டும் தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கின்றன. வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை நாள் வேலை இல்லை என்று கணக்கிட்டால், சிலருக்கு இரண்டு மாதம் கூடிக்கொள்கிறது. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் கொடுத்தால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது ஒப்புதல். நாங்கள் தமிழில் எழுதிய படிவத்தின் அடியில், உங்கள் நிறுவனம் தன் சார்பில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி சேர்த்து, டிக் செய்தால்தான் மேலே போகவிடுகிறது. அதை மாற்றவோ மொழிபெயர்க்கவோ எங்களுக்கு வழி இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அந்த 22 மொழிகளில் ஒன்று. சட்டம் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது என்றாலும், தனக்கு விளங்காத பத்திக்கு ஒரு தொழிலாளியைச் சம்மதிக்க வைப்பதை இன்றைக்கே நிறுத்தலாம்.

எங்கள் கோரிக்கை இதுதான். உங்கள் காப்புப் பிரதிகளில் தேடி, அழிந்த பதில்களை மீட்டுத் தாருங்கள். திரையில் அழிந்தது எல்லாக் காப்பிலிருந்தும் உடனே போய்விடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே ‘முடியாது’ என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், உங்கள் தொழில்நுட்பப் பிரிவு தேடிப் பார்த்து எழுத்தில் பதில் தர வேண்டும். உண்மையிலேயே மீட்க முடியாது என்றால், எந்தத் தேதியில் வந்த எத்தனை பதில்கள், எந்தத் தேதியில் அழிக்கப்பட்டன என்று நிறுவன முத்திரையோடு கடிதம் தாருங்கள். அறிக்கையில் ஆறுமுகநேரிக் கணக்கு ஏன் குறைகிறது என்பதற்கு ஆதாரமாக அதை வைக்க வேண்டும். பதில்களைத் திறப்பதற்கென்றே கட்டிய மேல் சந்தாப் பணத்தை முழுதாகத் திருப்ப வேண்டும். திறந்து தராததற்குப் பணம் வாங்க உங்களுக்கு உரிமை இல்லை. இனி வரம்பு தாண்டினால் படிவம் தானாக மூடிக்கொள்ளும்படி மாற்றுங்கள். இது எங்களுக்காக மட்டும் கேட்பதல்ல. உங்கள் படிவத்தை வைத்து ஆய்வு செய்யும் கல்லூரி மாணவர்கள், மருத்துவ முகாம் நடத்துகிறவர்கள் எத்தனை பேருக்கு இப்படி ஓசையில்லாமல் பதில்கள் போய்க்கொண்டிருக்கின்றனவோ தெரியவில்லை.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைதீர்ப்பு அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்குள் சரியான பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவோம்.

அடுத்த கட்டக் கணக்கெடுப்பை, இணையம் இல்லாத இடத்திலும் போனிலேயே சேமித்து வைக்கும் ஓடிகே போன்ற திறந்த மூலச் செயலிக்கு மாற்றுகிறோம். அதற்கு முன் எங்கள் கணக்கில் மிச்சம் இருக்கும் பதில்கள் எதுவும் அழிக்கப்படாது என்று இந்தக் கடிதத்துக்கான முதல் பதிலிலேயே உறுதி தர வேண்டும். மழை தொடங்கி அளங்கள் மூடுவதற்குள் அறிக்கையை மாவட்ட நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டியிருப்பதால், விரைவில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
திட்ட ஒருங்கிணைப்பாளர்,
தூத்துக்குடி.

இணைப்பு: சந்தா ரசீதுகள், மே மாத விளம்பர மின்னஞ்சல், உதவிப் பிரிவின் பதில்கள், களப் பணியாளர் குறிப்பேட்டின் நகல், வரம்பு தாண்டிய பிறகும் ‘பதிவாகிவிட்டது’ என்று காட்டிய திரையின் படங்கள்.