ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு மடல்: ஜகாத்துக்காக யாரையும் வெயில்ல நிக்க வைக்காதீங்க

முத்தவல்லி அவர்களுக்கும் நிர்வாகிகள் எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

27-ம் நோன்பு அன்னைக்கு நம்ம தெருவுல ஜகாத் (வசதியுள்ளவங்க ஏழைங்களுக்கு குடுக்க வேண்டிய கடமையான தர்மம்) குடுக்கும்போது நடந்தது உங்களுக்கே தெரியும். டோக்கன கையில வச்சுக்கிட்டு நோன்போட வெயில்ல நின்னு ஒரு அம்மா மயங்கி விழுந்தாங்களே, அவங்க பீடி சுத்தி பொழைக்கிறவங்க, வீட்டுக்காரர் இறந்ததுக்கு அப்புறம் மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு குழுக்கடன் வாங்கிட்டு வாரா வாரம் தவணை கட்டுறாங்க, ஒரு வாரம் தவறுனா குழுவுல இருக்குற மத்த பொம்பளைங்களே வாசல்ல வந்து சத்தம் போடுறாங்க. அவங்களுக்கு கெடச்சது ஒரு சேலையும் 200 ரூபாயும். அத வாங்கும்போது போட்டோ வேற எடுத்து வாட்ஸப் குரூப்ல போட்டாச்சு. அதப் பாத்த பசங்க கேலி பண்ணி, அவங்க மகன் ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு அழுதிருக்கான்.

குர்ஆன் 9:60-ல ஜகாத் வாங்க தகுதியானவங்க எட்டு வகை, அதுல கடன்பட்டவங்களும் உண்டு, ஜகாத்த வசூல் பண்றவங்களும் உண்டு. வசூலிக்கவே ஆள் போடணும்னா, அத ஒரு இடத்துல சேத்து கணக்கு பாத்து குடுக்கணும்னு தானே அர்த்தம்? தன்னோட தோழர் முஆத் (ரலி) அவங்கள யமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) சொன்னதும், அங்க உள்ள பணக்காரங்ககிட்ட எடுத்து அங்க உள்ள ஏழைங்களுக்கு குடுக்கணும்னு தான். ஏழை போய் பணக்காரர் வீட்டு கேட்ல நிக்கணும்னு மார்க்கத்துல எங்கயும் இல்ல.

அதனால தான் கேக்குறேன், ஜகாத்த பைத்துல்மால்ல, அதாவது ஜமாஅத்தோட பொது நிதியில சேருங்க. ஆளாளுக்கு 200, 300னு பிரிச்சு விடுறத சேத்தா அந்த அம்மாவோட கடன மொத்தமா அடைச்சிருக்கலாம், இன்னொருத்தருக்கு தையல் மிஷினோ தள்ளுவண்டியோ வாங்கி குடுத்திருக்கலாம், அடுத்த வருஷம் அவங்க வாங்கவே வரமாட்டாங்க. வட்டி ஹராம்னு ஜும்ஆல பயான் கேக்குறோம், வெளிய வந்தா நம்ம மஹல்லா (பள்ளிவாசல் பகுதி) பொம்பளைங்க தான் வட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க, அவங்கள அதுலருந்து மீட்க நாம என்ன செஞ்சோம்? பள்ளிவாசலுக்கு ஏசி போட ஒரே வாரத்துல வசூல் ஆச்சு, இதுக்கு மட்டும் ஏன் ஆகல? செல்வம் உங்கள்ல உள்ள பணக்காரங்களுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கக்கூடாதுன்னு 59:7 சொல்லுதே, அது நமக்கு இல்லையா?

கோவத்துல ஏதாச்சும் கூட சொல்லியிருந்தா பொறுத்துக்கோங்க. அடுத்த மஷூரால (ஆலோசனைக் கூட்டத்துல) தயவுசெஞ்சு இத எடுங்க. ஜகாத்த பைத்துல்மால்ல சேத்து, வீட்டுக்கே போய், போட்டோ எடுக்காம குடுங்க, யார் பேரும் போடாம வரவு செலவ மட்டும் போர்டுல ஒட்டுங்க. வீடு வீடா போய் கணக்கெடுக்க நாங்க பசங்க ரெடியா இருக்கோம், ரஜப் மாசமே சொன்னீங்கன்னா ரமலானுக்குள்ள முடிச்சிடலாம்.

வஸ்ஸலாம்,
மஹல்லாவாசி ஒருத்தன்