மூங்கில் பந்தல பிரிச்சுட்டாங்கடா

குமாரு,

மூணு மாசமா உனக்கு ஒரு வரி எழுதல, தப்புதான். அம்மா நல்லா இருக்காங்க, முட்டிவலி அப்படியேதான் இருக்கு. வெயில பத்தி உனக்கு நான் சொல்ல வேணாம், வேலூர்க்காரன் நீ.

விஷயம் என்னன்னா, எங்க கேம்பஸ்ல லைப்ரரி பின்னாடி பழைய மூங்கில் பந்தல் ஒண்ணு இருந்துச்சே, நாம உக்காந்து டைகர் வாத்தியார் கதை பேசி சிரிச்சமே, அத போன வாரம் பிரிச்சு எரிச்சுட்டாங்கடா. யாரோ விசிட் வராங்களாம், க்ளீனா இருக்கணுமாம். அந்த மூங்கில் பூரா கருவண்டு கூடு. நாமதான் வண்டுங்கறோம், அது தேனீ ஜாதி, ரவுண்டா ஓட்டை போட்டு உள்ள முட்டை வைக்கும். "கொட்டும் சார்"ங்கறான் மேஸ்திரி. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, பொட்டையும் கையில புடிச்சு நசுக்கினாதான் கொட்டும்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

2023ல நம்ம முள்ளு கத்தரிக்காய்க்கு புவிசார் குறியீடு வந்தப்ப நீ ஸ்வீட் வாங்கிக் குடுத்தியே, அந்தக் கத்தரிப்பூவுல மகரந்தம் வெளியவே இருக்காதுடா, குழல் மாதிரி மூடி நுனியில மட்டும் சின்ன ஓட்டை. பெட்டியில வளக்கற தேனீயால அத எடுக்க முடியாது. கருவண்டோ, வயித்துல நீலக்கோடு போட்ட அந்தக் குட்டித் தேனீயோ பூவக் கட்டிப் புடிச்சு, றெக்கைய விரிக்காம உடம்ப மட்டும் "ங்ங்ங்"னு அதிர வெச்சாதான் மகரந்தம் உப்பு கொட்டற மாதிரி உதிரும். காத்துல ஆடி கொஞ்சம் காய்க்கும்தான், ஆனா வண்டு வந்த பூவுல காய் நல்லா பிடிக்கும். தக்காளி, ஆவாரம்பூவும் இதே கதைதான். தேன்பெட்டி வெக்க காசு ஒதுக்கறாங்க, காசே கேக்காத இதுங்களுக்கு ஒரு காஞ்ச மூங்கில விட்டுவெக்க மாட்டேங்கறாங்க!

எரியாத ஆறு துண்ட வீட்டுக்குத் தூக்கினு வந்து மாடியில தொட்டிக்கடியில, மழை படாத எடத்துல கட்டியிருக்கேன். பக்கத்துல துளசிய பூக்க விட்டிருக்கேன், நீலக்கோடு அதுக்குத்தான் வருது. அது மண்ணுல கூடு கட்டும், அதனால தோட்டத்துல ஒரு மூலைய கொத்தாம விட்டுட்டேன். அம்மா திட்றாங்க, திட்டட்டும்.

இலவம்பாடியில உங்க சித்தப்பா கிட்ட ஒண்ணு சொல்லு. காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கறது காலைல வேணாம், அப்பதான் இதுங்க பூவுல இருக்கும், பொழுது சாய்ஞ்சு அடிக்கட்டும். அவர் கொல்லையில இன்னும் கருவண்டு வருதான்னு ஒரு நாள் நின்னு பாத்துட்டு எழுது.

உன்
ரவி